பிக்கப் டிரக் வாங்குமுன்: ஆல் வீல், ஃபோர் வீல் குழப்பத்தில் நான் விட்ட காசை நீங்கள் விட வேண்டாம்

கொலராடோவுக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில் எனக்குப் பிக்கப் பைத்தியம் பிடித்தது. மூட்டை ஏற்றுகிற பிக்கப் இல்லை. அகலமான டயர், உயரமான சஸ்பென்ஷன், காலை வைத்தால் பாய்கிற இன்ஜின், அந்த ரகம். பழைய வண்டிக் கடையில் விற்பனையாளரிடம், “இது ஆல் வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா?” என்று கேட்டேன். “இரண்டும் ஒன்றுதான், நான்கு சக்கரமும் சுற்றும்” என்றார். நானும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பரில் முதல் பனி. எந்தச் சக்கரங்கள் ஓட வேண்டும் என்று தேர்கிற குமிழியை ‘ஃபோர் ஹை’க்கு (நான்கு சக்கரமும், சாதாரண வேகம்) திருப்பினேன். டென்வரில் காலையில் கொட்டிய பனி மதியத்துக்குள் உருகி ரோடு காய்ந்துவிடும். நான் குமிழியைத் திருப்பி வைக்கவே இல்லை. கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை மளிகைக்கடை பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது, யாரோ பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல வண்டி நின்று நின்று குதித்தது. அடியில் கடக், கடக் என்று சத்தம். கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். இழுத்துப்போகிற வண்டிக்கும் மெக்கானிக் பார்ப்பதற்கும் 185 டாலர். மெக்கானிக் உள்ளே ஏறினார், நாலடி ரிவர்ஸ் எடுத்தார், குமிழியை ‘டூ ஹை’க்கு (பின்சக்கரம் மட்டும்) திருப்பினார், ஒரு வட்டம் அடித்தார். சத்தமே இல்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை. அதற்குள் முன் டயர் இரண்டும் ஓரத்தில் மொட்டையாகியிருந்தன.

பத்து மாதத்தில் அதை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கினேன். அதிலும் ஒரு தப்பு செய்தேன், அது டயர் பகுதியில் வருகிறது. அமெரிக்காவில் முதல்முறையாக இந்த ரக வண்டி வாங்கப் போகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தாள் வேலை பற்றிய பகுதியில் கொலராடோ விதிகளைச் சொல்லியிருக்கிறேன். மற்ற மாநிலத்தவர்கள் அதை மட்டும் தங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கடைக்குப் போகுமுன் உங்கள் ரோட்டை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுத வேண்டும், மனதுக்குள் போடுகிற கணக்கு போதாது. மாதத்தில் எத்தனை நாள் காய்ந்த தார் ரோடு, எத்தனை நாள் பனியும் ஈரமும் மாறிமாறி வருகிற ரோடு, எத்தனை நாள் மண், மணல், பாறை, எத்தனை முறை டிரெய்லர். நான் எழுதிப் பார்த்தபோது மாதத்தில் இருபத்தைந்து நாள் அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில். குளிர்காலத்தில் நான்கைந்து முறை மலை. பாறை ஏறுவது வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் நண்பர்கள் இழுத்தால். இந்தத் தாள் முதல் தடவையே கையில் இருந்திருந்தால் அந்த முதல் வண்டியை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

2. வண்டிமேல் ஒட்டிய பெயரை விடுங்கள், நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

‘ஃபோர் பை ஃபோர்’ என்று பின்கதவில் ஒட்டியிருப்பது விளம்பரம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் சக்தியைப் பிரிப்பது எது?

ஏன் இது முக்கியம்? தாத்தா ஊரில் களத்தில் போரடிக்கும்போது மாடுகளைப் பிணைத்துச் சுற்ற விடுவார்கள். உள்பக்க மாடு நின்ற இடத்திலேயே மெதுவாகக் காலை மாற்றும், வெளிப்பக்க மாடு ஓட்டமும் நடையுமாக வரும். இரண்டும் ஒரே அளவு அடி வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வண்டி திரும்பும்போதும் இதே கதை. முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும் என்று இரும்பால் பூட்டிவிட்டால், பனியிலோ மண்ணிலோ டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறி உட்காரும். என் வண்டி குதித்தது அதனால்தான்.

இனி ரகங்கள்.

பார்ட் டைம் ஃபோர் வீல்: சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் ஓடும். குமிழியைத் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புகிற பெட்டி) முன்னையும் பின்னையும் பூட்டிவிடும். டொயோட்டா டண்ட்ரா, டகோமா இரண்டின் டிஆர்டி ப்ரோ வகைகள் இந்த ரகம். எளிமையானது, முரட்டு உழைப்பு. ஆனால் காய்ந்த ரோட்டில் பூட்டக் கூடாது. ஊரில் மலைப்பக்கம் ஜீப் ஓட்டியவர்களுக்கு இது பழகிய விஷயம், காரிலிருந்து மாறுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறோம்.

‘ஃபோர் ஆட்டோ’ உள்ளது: டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒரு கிளட்ச் அடுக்கு இருக்கும். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அது இறுகி முன்னுக்குச் சக்தி அனுப்பும், தேவை முடிந்தால் தளரும். ஃபோர்டு எஃப்-150 ராப்டர், ஷெவர்லே சில்வராடோ இசட்ஆர்2 இரண்டிலும் டூ ஹை, ஃபோர் ஆட்டோ, ஃபோர் ஹை, ஃபோர் லோ (நான்கு சக்கரமும், மெதுவாக ஆனால் அதிக இழுவிசையோடு) என்று எல்லாமே உண்டு. பாதி ஈரமாகவும் பாதி காய்ந்தும் இருக்கிற டென்வர் ரோட்டுக்கு இதைவிட வசதி கிடையாது. குமிழியை ஆட்டோவில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

எப்போதும் நான்கும்: 2021 முதல் 2024 வரையிலான ராம் 1500 டிஆர்எக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். டூ வீல் என்ற நிலையே அதில் இல்லை. ஆட்டோவில் 40 பங்கு முன்னுக்கு, 60 பின்னுக்கு. பாலைவன ஓட்டத்துக்கான பாஹா மோடில் 25-க்கு 75. இதைக் கம்பெனி ஃபோர் வீல் டிரைவ் என்றுதான் சொல்கிறது. ஆனால் தார் ரோட்டில் நடந்துகொள்வது ஆல் வீல் மாதிரி. அதோடு ஃபோர் லோவும் இருக்கிறது. பெயரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு வண்டியே போதும். டிஆர்எக்ஸுக்குப் பின் 2025 மாடலாக வந்த ஆர்எச்ஓவும் இதே வழிதான்.

காரின் வழியில் வந்த ஆல் வீல்: ஹோண்டா ரிட்ஜ்லைன், ஹூண்டாய் சான்டா குரூஸ், ஃபோர்டு மாவெரிக் போன்றவை. அடிப்படையில் முன்சக்கர வண்டிகள், தேவைப்படும்போது பின்னுக்கும் போகும். ரிட்ஜ்லைன் 70 சதவீதம் வரை பின்னுக்கு அனுப்பி, அதை முழுவதும் ஒரு பக்கச் சக்கரத்துக்கே கொடுக்கவும் வல்லது. 2025 மாடலாக வந்த மாவெரிக் லோபோ ரோட்டில் சீறுவதற்கென்றே தாழ்த்திச் செய்தது. பின்னால் இரட்டைக் கிளட்ச் வைத்து, வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் சக்தி கொடுத்துத் தள்ளும். இவை எதிலும் லோ கியர் இல்லை. பாறை ஏற, செங்குத்தில் மெல்ல இறங்க இவற்றை நம்பக் கூடாது.

மின்சார வண்டி: ரிவியன் ஆர்1டி மாதிரி. நடுவில் ஷாஃப்டே கிடையாது, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மோட்டார். நான்கு மோட்டார் வகையில் சக்கரத்துக்கு ஒன்று. முதல் அடியிலேயே முழு விசை கிடைப்பதால் லோ கியர் என்ற பேச்சே எழுவதில்லை. சார்ஜ் கணக்கு தனிக் கதை, இங்கே இழுக்கவில்லை.

இன்னொரு குழப்பம், லாக்கர். அது ஒரே அச்சின் இடது வலது சக்கரங்களைப் பூட்டுவது. ஃபோர் வீல் என்றாலே லாக்கரும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ராப்டரில் பின்னால் இருக்கிறது. இசட்ஆர்2-வில் முன்னும் பின்னும். ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது கைகொடுப்பது இதுதான்.

3. வேகம் என்று வரும்போது எது எதற்கு?

702 குதிரைத்திறனைப் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் கொடுத்தால் ஈர ரோட்டில் புகைதான் வரும். டிஆர்எக்ஸ் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை 4.5 விநாடியில் தொடும் என்று கம்பெனி சொல்கிறது. 6,300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒன்று அப்படிப் பாய நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளியாக வேண்டும். சிக்னலில் சீறுவது, மழையில் நெடுஞ்சாலையில் ஏறுவது, வளைந்த மலை ரோடு, இவற்றுக்கெல்லாம் தானாகப் பிரித்துக்கொடுக்கிற ஆல் வீல் தன்மைதான் உதவும். 1991-இலேயே ஜிஎம்சி சைக்ளோன் என்ற சின்னப் பிக்கப் இதைக் காட்டிவிட்டது. 280 குதிரைத்திறன், எப்போதும் நான்கு சக்கரம், ஆனால் ஏற்றலாம் என்று அனுமதித்த பாரம் 500 பவுண்டுதான். மூட்டை தூக்காத பிக்கப் என்று சிரித்தவர்கள் இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

ஆழ மணல், சேறு, பாறை என்றால் பூட்டுகிற ஃபோர் ஹையும் ஃபோர் லோவும் வேண்டும். அங்கே கிளட்ச் வைத்த இலகு ரகம் கொஞ்ச நேரத்தில் சூடாகி, ‘ஆறட்டும்’ என்று விளக்கைப் போட்டுவிட்டு முன்சக்கரத்தை மட்டும் ஓட்டும்.

நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி சீக்கிரம் கிளம்பும். சீக்கிரம் நிற்காது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் போகிறது. பனியில் கிளம்பும்போது வருகிற தைரியத்தில் ஓட்டி, அடுத்த சிக்னலில் வழுக்கிக்கொண்டே போய் நின்ற பெரிய பெரிய டிரக்குகளை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன்.

4. கடையில் பதினைந்து நிமிடச் சோதனை

விற்பவர் பேசட்டும், நீங்கள் குமிழியைப் பாருங்கள். ‘ஆட்டோ’ என்று ஒரு நிலை இருக்கிறதா? இல்லையென்றால், வண்டி எப்போதும் நான்கு சக்கரமா என்று கேளுங்கள். அதுவும் இல்லை, டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ மட்டும்தான் என்றால் அது பார்ட் டைம். அப்புறம் டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிற கையேட்டை எடுத்து அந்த அத்தியாயத்தைப் படியுங்கள். காய்ந்த, கெட்டியான தளத்தில் ஃபோர் ஹையில் ஓட்டாதே என்று அச்சில் இருக்கும். என் வண்டியிலும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது ஜல்லி போட்ட இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். டூ ஹையிலிருந்து ஃபோர் ஹைக்கு மாற்றினால் விளக்கு சில நொடி சிமிட்டிவிட்டு நிலைக்க வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் மாற்றிவிடுகிற மோட்டாரில் கோளாறு இருக்கலாம். ஃபோர் லோவுக்குப் பெரும்பாலான வண்டிகளில் நிறுத்தியோ ஊர்ந்தபடியோ நியூட்ரலில் போட்டுத்தான் மாற்ற முடியும். கட்டென்று ஒரு சத்தம் வருவது இயல்பு, அரைக்கிற சத்தம் இயல்பு இல்லை. பழைய வண்டி விற்கிறவர்கள் ஃபோர் லோவைத் தொடவே விடாமல் பேசிச் சமாளிப்பார்கள். விடாதீர்கள்.

ஆட்டோ உள்ள வண்டியென்றால், காய்ந்த பார்க்கிங்கில் ஆட்டோவில் வைத்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நடை வேகத்தில் இரண்டு வட்டம். குதிப்போ உதறலோ இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது டயர்கள் ஒத்துப்போகவில்லை. பார்ட் டைம் வண்டியை ஃபோர் ஹையில் வைத்து இந்தச் சோதனை செய்யாதீர்கள், நல்ல வண்டியே குதிக்கும்.

5. டயர்: எல்லாரும் கோட்டைவிடுகிற இடம்

இரண்டாவது வண்டியில் ஃபோர் ஆட்டோ இருந்தது. ஒரு நாள் பின் டயரில் ஆணி ஏறி ஓரம் கிழிந்துவிட்டது. டயர் கடையில் “பின்னால் இரண்டும் புதிது போட்டுவிடலாம், முன்னது இன்னும் ஓடும்” என்றார்கள். இரண்டு டயர் காசு மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம். மூன்று வாரம் கழித்து நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் போனால் ஃபோர் வீல் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது.

நடந்தது இதுதான். புது டயரின் சுற்றளவு பெரிது, தேய்ந்த டயரின் சுற்றளவு சிறிது. அதனால் நேர் ரோட்டிலேயே முன்சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது. நடுவில் இருக்கிற கிளட்சுக்கு ‘யாரோ வழுக்குகிறார்கள்’ என்று தோன்றிக்கொண்டே இருக்கும், இறுகிக்கொண்டே இருக்கும், சூடாகிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் எடுத்துக் காட்டிய எண்ணெய் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. வாசனை அடிப்பிடித்த பாத்திரம். நல்லவேளை, எண்ணெய் மாற்றி நான்கு டயரையும் ஒன்றாகப் போட்டதில் தப்பித்தேன். கிளட்சே போயிருந்தால் செலவு ஆயிரங்களில். அந்த நான்கு டயருக்கு 35 அங்குல அளவில், பொருத்துக் கூலியோடு, 1,640 டாலர் கொடுத்தேன். “இந்த டயருக்கா நம்ம ஊரில் ஒரு ஸ்கூட்டர் காசு?” என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

ஆகவே டயர் தடத்தின் ஆழத்தை அளக்கிற ஆழமானியை வாங்கி டாஷ்போர்டில் போட்டுவையுங்கள், சில டாலர்தான். நான்கு டயருக்கும் நடுவே தடத்தின் ஆழ வித்தியாசம் முப்பத்திரண்டில் இரண்டு பங்கு (2/32) அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. கையேடு இன்னும் கறாராகச் சொன்னால் கையேட்டின்படி. பழைய வண்டி பார்க்கப் போகும்போது நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல்தானா என்றும் பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் புது டயர் விலையைக் குறைத்துத்தான் பேரம். டூ ஹையில் மட்டும் ஓடுகிற பார்ட் டைம் வண்டிக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு கொடுமை இல்லை, அந்த ரகத்துக்கு இது ஒரு பெரிய பிளஸ்.

ஸ்டெப்னியையும் குனிந்து பாருங்கள். பெரிய டயர் மாட்டிய உரிமையாளர்கள் பலர் அடியில் தொங்குவதைப் பழைய சின்ன அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஓட்டினால் நான் சொன்ன கதைதான், இன்னும் வேகமாக.

6. மலைக்குப் போகிறவர்களுக்கு: 3/16 அங்குலம்

கொலராடோவில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, ஐ-70 நெடுஞ்சாலையில் மோரிசனிலிருந்து டோட்செரோ வரை, பனியில் வண்டி வழுக்காமல் இருப்பதற்கான டிராக்‌ஷன் சட்டம் அமலில் இருக்கும். ஆல் வீல், ஃபோர் வீல் இரண்டையும் அது ஒன்றாகவே நடத்துகிறது. ஆனால் டயர் தடம் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும். வண்டி எவ்வளவு விலையானாலும் டயர் மொட்டையென்றால் சட்டத்தின் முன் அது தேறாது. தகுதியில்லாமல் பிடிபட்டால் அபராதம் 130 டாலருக்கு மேல், வழுக்கி நின்று ரோட்டை அடைத்துவிட்டால் 650 டாலருக்கு மேல்.

பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் அச்சிட்ட டயரைத் தேடுங்கள். முரட்டுத் தடம் போட்டதெல்லாம் பனி டயர் இல்லை. சேற்றுக்கான டயர் ஐஸ் மேல் சோப்புக்கட்டி மாதிரி போகும்.

7. பாரம், டிரெய்லர், பெட்ரோல்

வேகப் பிக்கப் பெரிதாக இருப்பதால் எதையும் இழுக்கும் என்று நினைப்பது அடுத்த பொறி. மென்மையான நீளமான சஸ்பென்ஷன் வைத்ததால் இவற்றின் பாரம் குறைவு. டிஆர்எக்ஸ் ஏற்றக்கூடியது 1,310 பவுண்டு, இழுப்பது 8,100 பவுண்டு. ராப்டர் சுமார் 1,400, 8,200. ஐந்து பெரியவர்கள், பெட்டி படுக்கை, ஒரு டிரெய்லர் முனை உட்கார்ந்தால் 1,310 எங்கே போகிறது என்று கணக்குப் போடுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு விளிம்பில், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விளம்பரத்தில் இருக்கிற எண்ணை விட்டுவிட்டு, அந்த வண்டிக்கே உரிய அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல்: டிஆர்எக்ஸுக்கு அரசு மதிப்பீடு கேலனுக்கு மொத்தத்தில் 12 மைல். வருஷம் 12,000 மைல் ஓட்டினால் ஆயிரம் கேலன், அதுவும் விலை கூடிய பிரீமியம். இந்தத் தாகத்துக்குப் பெரும் காரணம் இன்ஜினும் டயரும் எடையும்தான். ஆல் வீலா ஃபோர் வீலா என்பதால் வருவது அதில் சிறு பங்கு, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

8. தாள்கள், செலவு, நாள் கணக்கு

முன்பணம் கொடுக்குமுன் வின் எண்ணை (அந்த வண்டிக்கே உரிய அடையாள எண்) வாங்குங்கள். அதை வைத்து மூன்று வேலை. மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் நிலுவையிலுள்ள ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) பார்ப்பது, இது இலவசம். விபத்து, உரிமை வரலாற்று அறிக்கை எடுப்பது. இன்ஷூரன்ஸ் விலை கேட்பது. கடைசியைத்தான் நம்மவர்கள் வாங்கிய பிறகு செய்கிறோம். நாட்டுக்குப் புதிதாக வந்து, இங்கே ஓட்டிய அனுபவம் குறைவாக இருந்தால் எழுநூறு குதிரைத்திறன் வண்டிக்கு அவர்கள் சொல்கிற தொகை மயக்கம் வரவைக்கும். எனக்கு இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் விலை ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம். குறைந்தது நாலு இடத்தில் கேளுங்கள்.

கடன் வாங்குகிறவர்கள் கடைக்குப் போகுமுன் உங்கள் வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ முன் ஒப்புதல் வாங்கி வையுங்கள். வேலை விசாவில் இருப்பவர்களிடம் விசா முடிகிற தேதியைச் சிலர் கேட்பார்கள், அதற்குள் கடன் முடிய வேண்டும் என்பார்கள். பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு), வேலைக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு முகவரிக்கு ஒரு பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டால் இரண்டாவது தடவை அலைய வேண்டியதில்லை.

உங்கள் சொந்த மெக்கானிக்கிடம் வாங்குமுன் சோதனை. எனக்கு 220 டாலர் ஆனது, ஒரு நாள் முன்பே நேரம் கேட்டு வைத்தேன். பொதுச் சோதனை என்று விடாமல் இவற்றைக் குறித்துச் சொல்லுங்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸில் கசிவு, முன் பின் டிஃபரன்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற பகுதி) எண்ணெய் நிறம், முன் ஆக்சில் ரப்பர் உறை, அடிப்பகுதித் தகட்டில் அடிபட்ட வடு. விற்பவரிடம் டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜின் ஆயிலை எல்லாரும் மாற்றுவார்கள். இதை மாற்றியவர் வண்டியைப் பேணியவர்.

தனியாரிடம் வாங்கினால்: டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்), அதில் விற்பவர் கையெழுத்து, மைல் கணக்கு உறுதிமொழி, விற்பனைச் சீட்டு, பழைய கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதம். டைட்டிலில் ‘சால்வேஜ்’ (பெருஞ்சேதம் அடைந்தது), ‘ரீபில்ட்’ (அதை மறுபடி சரிசெய்தது) என்று இருந்தால் விலை எவ்வளவு இனித்தாலும் நான் தொட மாட்டேன். டென்வர் வட்டாரத்தில், ஏழு மாடல் ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்குப் புகைச் சோதனைச் சான்றும் வேண்டும், அதை எடுத்துத் தருவது விற்பவர் பொறுப்பு.

வாங்கிய 60 நாளுக்குள் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மோட்டார் வாகன அலுவலகத்தில் பதிவு. வேறு மாநிலத்திலிருந்து குடிவந்து வண்டியையும் கொண்டுவந்தவர்களுக்கு 90 நாள். விற்பனை வரி மாநிலத்துக்கு 2.9 சதவீதம், அதன்மேல் உங்கள் முகவரிக்கு ஏற்பக் கவுண்டி, நகர வரிகள். தனியாரிடம் வாங்கினால் இதைப் பதிவின்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கவுண்டரில் விழிக்கிறார்கள், நானும் விழித்தேன். அதோடு வருடாந்தர உரிமை வரி ஒன்று உண்டு. அது நீங்கள் கொடுத்த விலையில் கணக்கிடப்படுவதில்லை, வண்டி புதிதாக இருந்தபோது போட்டிருந்த பட்டியல் விலையில் கணக்கிடப்படுகிறது. வயது ஏற ஏற விகிதம் இறங்கும். ஒரு வயது வண்டியைச் சல்லிசாக வாங்கிவிட்டேன் என்று குதிக்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? முதல் பனி விழுந்த வாரம் போகாதீர்கள். ஊரே அன்றைக்குத்தான் ஃபோர் வீல் தேடும், பேரத்துக்கு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். என் இரண்டாவது வண்டியை மே கடைசியில், மாத முடிவில் வாங்கினேன். தேடத் தொடங்கியதிலிருந்து நம்பர் பிளேட் கைக்கு வரும்வரை மொத்தம் ஏழு வாரம்.

9. வாங்கிய முதல் மாதம்

பார்ட் டைம் வண்டியென்றால் மாதத்துக்கு ஒருமுறையாவது ஃபோர் ஹையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சும்மா கிடக்கிற முன்பக்கக் கியருக்கும் எண்ணெய் பரவ வேண்டும். டொயோட்டா கையேடு மாதம் 10 மைல் என்கிறது. மழையன்றைக்கோ மண் ரோட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நான் ஏரிப்பக்கம் ஜல்லி ரோட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வருவேன். ஆட்டோ, எப்போதும் நான்கு ரகங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றுக்கு 5,000 மைலுக்கு ஒருமுறை டயர் இடம் மாற்றுவதைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, நடு ரோட்டில் நின்றுவிட்டால் உதவிக்கு அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே “நான்கு சக்கர இயக்கம், பிளாட்பெட் அனுப்புங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பிளாட்பெட் என்பது நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றிப்போகிற தட்டையான வண்டி. இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டி இழுத்துப்போனால், நல்ல டிரான்ஸ்ஃபர் கேஸும் வீடு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடலாம். கொக்கி வைத்த வண்டி வந்து நின்றால் பணிவாகத் திருப்பி அனுப்புங்கள். இன்னும் ஒரு மணிநேரம் குளிரில் நிற்க வேண்டியிருக்கும், பின்சீட்டில் ஒரு கம்பளி போட்டுவையுங்கள்.